அணுச் சோதனைத் தடையும் அம்பாறைக் கரையும்

மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் பயணஞ் செய்வோர், பெரியநீலாவணையைக் கடந்ததும் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெளி அதிகமில்லாத ஒரு நீண்ட குடியிருப்பைக் காண்பர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அவ்வூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். கிழக்கே வங்கக் கடல். வயலை நம்பியோரும், தறியை நம்பியோரும், கரைவலையையும் தோணியையும் நம்பியோரும் இரண்டுக்கும் நடுவிலுள்ள மணற்பட்டியில் நெருங்கி வாழ்கின்றனர். பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயில் மணியோசையும் ஒரே கடற்காற்றில் கலந்து வரும் நிலம் இது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. பூரணை விடுமுறை நாள். அன்று காலை 6 மணி 58 நிமிடத்திற்குச் சுமாத்திராத் தீவின் மேற்கே கடலடி நிலம் பிளந்தது. கல்முனையிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்திற்குள் பேரலை கிழக்குக் கரையை அடைந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் மாவட்டங்களுள் இத்துணைப் பெரிய உயிரிழப்பைக் கண்டது வேறெதுவுமில்லை.

இவ்வளவும் யாவரும் அறிந்த செய்தி. பலரும் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. அப்பேரதிர்வை அன்று காலையே தெளிவாகக் கேட்ட கருவிகள் இந்து சமுத்திரத்தில் இருந்தன. அவை கடற்கோளை அறிவதற்காக வைக்கப்பட்டவையல்ல. எந்த நாடாவது இரகசியமாக அணுகுண்டைச் சோதிக்கின்றதா என்று கேட்பதற்காக, உலக நாடுகள் நாற்பதாண்டுகள் வாதாடி, ஓர் உடன்படிக்கை செய்து, அதன் பொருட்டு அமைத்த கருவிகள் அவை. அவை ஏன் அமைக்கப்பட்டன, அவற்றை அமைப்பதில் இலங்கைக்கு என்ன பங்கு இருந்தது, அவை கேட்டது கல்முனைக் கரைக்கு ஏன் எட்டவில்லை என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

கதை மீனவரிடமிருந்தே தொடங்குகின்றது. 1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதி, பசிபிக் சமுத்திரத்தின் பிக்கினித் தீவில் ஐக்கிய அமெரிக்கா ஓர் ஐதரசன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் வலிமை 15 மெகாதொன். அஃதாவது ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. விலக்கப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘புக்குரியு மாரு’ என்னும் யப்பானிய வள்ளத்தின்மீது சில மணி நேரத்தின் பின் வெண்சாம்பல் மழைபோற் பொழிந்தது. அச்சாம்பல் யாதென அதிலிருந்த 23 பேரும் அறிந்திலர். கரைசேர்ந்தபோது அனைவரும் நோயுற்றிருந்தனர். கப்பலின் வானொலி இயக்குநரான குபோயாமா என்பவர் அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் உயிர்நீத்தார்.

கடலில் உழைத்துப் பிழைப்போர் யாருடைய பகைக்கும் உரியவரல்லர். அவர்மீதே நஞ்சு பொழிந்தமை ஆசிய நாடுகளைக் கலங்கச் செய்தது. ஏப்ரல் 2ஆந் திகதி இந்தியப் பிரதம மந்திரி ஜவகர்லால் நேரு, முழுமையான ஆயுதக் குறைப்பு ஏற்படும்வரை அணுச் சோதனைகளையாவது நிறுத்தி வைக்கும்படி வல்லரசுகளிடம் வேண்டினார். அதே மாத இறுதியில், அப்போதைய இலங்கைப் பிரதம மந்திரி சேர் ஜோன் கொத்தலாவலையின் அழைப்பை ஏற்று, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனீசியா ஆகிய நாடுகளின் பிரதம மந்திரிகள் கொழும்பில் ஒன்றுகூடினர். இந்தோசீனப் போரே அம்மகாநாட்டின் முதன்மைப் பொருள். ஆயினும் கண்டியில் மகாநாடு முடிவுற்றபோது வெளியிடப்பட்ட அறிக்கையில், ஐதரசன் குண்டு வெடிப்புகள் மேலும் நிகழலாகாது என்னும் வேண்டுகோளும் இடம்பெற்றது. அந்நாளில் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. அது கிட்டியது 1955ஆம் ஆண்டு டிசம்பரிலேயாகும். சபையில் ஆசனமில்லாத ஒரு சிறிய நாட்டின் மண்ணிலிருந்தே இக்குரல் எழுந்தது.

சோதனையை நிறுத்துவோம் என்று சொல்லுதல் எளிது. மற்றவன் நிறுத்தினானா என்று அறிவது எங்ஙனம்? இவ்வினாவே அடுத்த நாற்பதாண்டு இராஜதந்திரத்தின் கருவாயிற்று. காற்றிலே வெடித்த குண்டின் கதிர்வீச்சுத் துகள்கள் நாடு கடந்து செல்லும்; அவற்றைப் பிடித்துப் பார்த்து வெடிப்பை உறுதிசெய்யலாம். நிலத்தின் கீழே ஆழமாகக் குழிதோண்டி வெடித்தால் துகள் வெளிவராமலிருத்தல் கூடும். அப்போது எஞ்சும் அடையாளம் நில அதிர்வு ஒன்றே. உலகில் ஒவ்வோராண்டும் ஆயிரக்கணக்கான பூமியதிர்ச்சிகள் இயல்பாகவே நிகழ்கின்றன. அவற்றுள் எது இயற்கையின் செயல், எது மனிதனின் செயல் என்று பிரித்தறிய வேண்டும்.

1958ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, ஜெனீவா நகரில் எட்டு நாடுகளின் விஞ்ஞானிகள் இவ்வினாவுக்கு விடை காணக் கூடினர். ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, கனடா ஆகியவை ஒருபுறம். சோவியத் ஒன்றியம், போலந்து, செக்கோஸ்லாவாக்கியா, ருமேனியா ஆகியவை மறுபுறம். ஏழு வாரகாலம் ஆராய்ந்த பின் அவர்கள் கண்ட முடிவு வருமாறு: வெடிப்பு ஒன்று நிகழும்போது சுற்றியுள்ள பாறை எல்லாத் திசைகளிலும் ஒரே வேளையில் வெளிநோக்கித் தள்ளப்படுகின்றது. பூமியதிர்ச்சியிலோ ஒரு பாறைத்தளம் மற்றொன்றின்மீது வழுக்கி நகர்கின்றது. ஆகவே சில திசைகளுக்குத் தள்ளலும் சில திசைகளுக்கு இழுப்பும் சென்றடையும். பல இடங்களில் நுண்ணிய கருவிகளை வைத்துக் கேட்டால் இவ்வேறுபாட்டைக் காணலாம். இதற்கென உலகெங்கும் தரையில் 160 முதல் 170 வரையான நிலையங்களும், கடலில் ஏறத்தாழ 10 கப்பல்களும் வேண்டுமென அவர்கள் பரிந்துரைத்தனர். பகைமுகாம்கள் இரண்டினதும் அறிஞர்கள் ஒரே மேசையிலிருந்து ஒரே அறிக்கையிற் கையொப்பமிட்டது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சியாகும்.

அறிஞர் உடன்பட்டபோதும் அரசுகள் உடன்படவில்லை. ஐயத்துக்குரிய அதிர்வு ஒன்று தென்பட்டால், பிறநாட்டுப் பரிசோதகர் நேரிற் சென்று பார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. அத்தகைய வருகை ஒற்றறிதலுக்கு வழிதிறக்கும் என்றது சோவியத் ஒன்றியம். 1958ஆம் ஆண்டின் இறுதி முதல் வல்லரசுகள் தாமாகவே சோதனைகளை நிறுத்தியிருந்தன. அந்நிறுத்தம் 1961ஆம் ஆண்டு செப்டெம்பரில் முறிந்தது. அடுத்த மாதமே சோவியத் ஒன்றியம் ஏறத்தாழ 50 மெகாதொன் வலிமையுள்ள குண்டை வெடித்தது. மனிதர் வெடித்த குண்டுகளுள் மிகப் பெரியது அதுவே.

மீண்டும் பேச்சு ஆரம்பமாயிற்று. 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு தரப்புக்குமிடையே எஞ்சிய வேற்றுமை ஓர் எண்ணாகச் சுருங்கியது. ஆண்டுக்கு மூன்று நேரடிப் பரிசோதனைகளுக்கு இணங்குவதாகச் சோவியத் ஒன்றியம் கூறியது. ஏழுக்குக் குறையலாகாது என அமெரிக்கா கூறியது. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே உடன்பாடு பிறக்கவில்லை. ஆதலின் 1963ஆம் ஆண்டு ஆகத்து 5ஆந் திகதி மொஸ்கோவிற் கையொப்பமான உடன்படிக்கை, காற்றிலும் விண்வெளியிலும் நீரடியிலும் சோதனை செய்வதை மாத்திரம் தடுத்தது. நிலத்தடி விலக்கப்படாமல் நின்றது. அவ்வாண்டிலேயே இலங்கையும் அதிற் கையொப்பமிட்டது. வானிலிருந்து பெய்த நஞ்சு பெரிதும் குறைந்தது. எனினும் அதன் பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகள் நிலத்தின் கீழே வெடிக்கப்பட்டன. ஒருவரையொருவர் நம்பாதோர் கண்காணிப்பு முறையிலும் உடன்படாவிடத்து எவ்வளவு விலை கொடுக்க நேருகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இரண்டாவது பெரிய முயற்சி, அணுவாயுதம் பரவாமற் தடுப்பது. அதற்கான உடன்படிக்கை 1968ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி கையொப்பத்திற்கு வைக்கப்பட்டு, 1970ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் ஒரு பண்டமாற்று எனலாம். அணுவாயுதம் இல்லாத நாடுகள் அதனைத் தேடமாட்டோம் என வாக்களித்தன. தம் அணு உலைகளையும் யுரேனியக் கணக்கையும் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர் பார்வையிடவும் இசைந்தன. பதிலுக்கு, அணுவாயுதம் உடைய ஐந்து நாடுகளும் ஆயுதக் குறைப்பு நோக்கி நேர்மையுடன் பேச்சு நடத்துவதாக வாக்களித்தன. இலங்கை முதல் நாளிலேயே கையொப்பமிட்டு, 1979ஆம் ஆண்டில் அதனை உறுதிப்படுத்தியது.

இடைக்காலத்தில் இந்து சமுத்திரமே வல்லரசுகளின் போட்டிக் களமாக மாறத் தொடங்கியது. மொரீசியசிலிருந்து பிரிக்கப்பட்ட சாகோசுத் தீவுகளுள் ஒன்றான தியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் எழுந்தது. அங்கு வாழ்ந்த குடிகள் 1973ஆம் ஆண்டுக்குள் வெளியேற்றப்பட்டனர். இந்நிலையில், 1971ஆம் ஆண்டு பிரதம மந்திரி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க ஐக்கிய நாடுகள் சபையின்முன் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யும் யோசனையை வைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 16ஆந் திகதி பொதுச்சபை அதனை ஏற்றது. வல்லரசுகள் அதனைச் செயலிற் கொள்ளவில்லை. 1974ஆம் ஆண்டு மே 18ஆந் திகதி இராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா நிலத்தடிச் சோதனையொன்றை நடத்தியது. இலங்கையின் இரு பக்கமும் அணுவின் நிழல் விழுந்த காலம் அது.

அரசியல் தடைப்பட்ட வேளையிலும் விஞ்ஞானிகள் ஓயவில்லை. சுவீடன் நாட்டின் முயற்சியினால், 1976ஆம் ஆண்டு முதல் பல நாட்டு நிலநடுக்க அறிஞர் குழுவொன்று ஜெனீவாவிற் கூடி, எவ்வகைக் கருவி, எத்தனை இடம், செய்தியை எவ்வாறு பரிமாறுவது என்பவற்றை இருபதாண்டுகள் ஆராய்ந்து ஒத்திகையும் பார்த்தது. உடன்படிக்கை ஒன்று வருமென்ற உறுதி அப்போது எவருக்கும் இருக்கவில்லை. வந்தபோது அதற்கு வேண்டிய கருவிமுறை ஆயத்தமாக இருந்தது.

அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் ஒரு விதி இருந்தது. நடைமுறைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், அதனை எவ்வளவு காலம் நீடிப்பது என்று உறுப்பு நாடுகள் கூடித் தீர்மானிக்க வேண்டும் என்பதே அவ்விதி. அந்த மகாநாடு 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆந் திகதி நியூயோர்க்கில் ஆரம்பமாயிற்று. அதன் தலைமையை ஏற்றவர் இலங்கையரான ஜயந்த தனபால. வெளிநாட்டுச் சேவையில் வளர்ந்தவர். 1987 முதல் 1992 வரை ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் ஆயுதக் குறைப்பு ஆராய்ச்சி நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்தவர்.

மகாநாட்டில் எழுந்த சிக்கல் எளிதன்று. அணுவாயுத வல்லரசுகள் உடன்படிக்கையைக் காலவரையின்றி நீடிக்க விரும்பின. ஆயுதமில்லாத பல நாடுகளோ, அங்ஙனம் நீடித்துவிட்டால் வல்லரசுகள் தம் வாக்கைக் காப்பாற்றும்படி வற்புறுத்த வேறு பிடி இல்லாது போய்விடும் என அஞ்சின. வாக்கெடுப்பு நடந்தால் நீடிப்புக்குப் பெரும்பான்மை கிட்டும் என்பது தெளிவாகவே இருந்தது. ஆயினும் உலகை இரண்டாகப் பிளந்து பெறும் வெற்றியால் உடன்படிக்கை வலுவிழக்கும் என்பதைத் தனபால உணர்ந்தார். ஆகவே பிரதிநிதிகளைச் சிறு குழுவாக அழைத்துத் தொடர்ந்து கலந்தாலோசித்தார். உடன்படிக்கையின் செயற்பாட்டை ஒழுங்காக மீளாய்வு செய்தல், ஆயுதக் குறைப்புக்கான கோட்பாடுகளும் குறிக்கோள்களும், காலவரையற்ற நீடிப்பு ஆகிய மூன்று தீர்மானங்களையும் ஒன்றோடொன்று பிணைத்து, மே 11ஆந் திகதி வாக்கெடுப்பின்றியே நிறைவேற்றச் செய்தார். மத்திய கிழக்குப் பற்றிய தீர்மானம் ஒன்றும் உடன் நிறைவேறியது. அக்குறிக்கோள்களுள் முதன்மையானது, அணுச் சோதனைகளை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையை 1996ஆம் ஆண்டுக்குள் முடித்துவைத்தல் என்பதாகும்.

இச்சாதனையைக் குறைகூறுவோரும் உளர். ஆயுதமற்ற நாடுகள் தம் கையிலிருந்த ஒரே பிடியை வெறும் வாக்குறுதிக்காக விட்டுக்கொடுத்தன என்பது அவர்தம் வாதம். மகாநாடு முடிந்த மூன்றாம் நாளே சீனா ஒரு குண்டைச் சோதித்தது. அதே ஆண்டு செப்டெம்பரிற் பிரான்சும் பசிபிக் சமுத்திரத்தில் சோதனைகளை மீளத் தொடங்கியது. இவற்றை நோக்கின் அவ்வாதத்தை வெறுமனே தள்ளிவிடுதல் இயலாது. எனினும் 1996 என்ற கால எல்லை எழுத்தில் வந்திராவிடின், ஜெனீவாவில் நடந்த பேச்சு இன்னும் எத்தனை ஆண்டு இழுபட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கால எல்லை காக்கப்பட்டது. ஜெனீவாவில் இந்தியா உடன்பட மறுத்தது. வல்லரசுகள் தம் ஆயுதங்களை ஒழிக்கக் காலக்கெடு எதுவும் கூறாத உடன்படிக்கை நீதியானதன்று என்பது அதன் நிலைப்பாடு. அங்கு ஏகமனதின்றி எதுவும் நிறைவேறாது. ஆகவே அவுஸ்திரேலியா அதனைப் பொதுச்சபைக்குக் கொண்டு சென்றது. 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் திகதி ஆதரவாக 158 நாடுகளும், எதிராக இந்தியா, பூட்டான், லிபியா என்னும் மூன்று நாடுகளும் வாக்களித்தன. இலங்கை அவ்வாண்டு ஒக்தோபரிற் கையொப்பமிட்டது.

இவ்வுடன்படிக்கையின் கண்காணிப்பு முறை, 1958ஆம் ஆண்டின் ஜெனீவா அறிஞர் கண்ட கனவின் நிறைவேற்றமாகும். மொத்தம் 321 நிலையங்களும் 16 ஆய்வுகூடங்களும் அதற்கென வகுக்கப்பட்டன. அவற்றுள் முந்நூறுக்கு மேற்பட்டவை அமைந்துவிட்டன. நிலத்தின் அதிர்வைக் கேட்க 170 நிலையங்கள். காற்றில் வரும், மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியைக் கேட்க 60. கதிர்வீச்சுத் துகள்களைப் பிடிக்க 80. சமுத்திரத்தினூடே செல்லும் ஒலியைக் கேட்க 11. நீருக்குள் ஒலி நெடுந்தூரம் தளராது செல்லும் இயல்புடையது. ஆதலின் பரந்த கடல்கள் அனைத்துக்கும் பதினொரு நிலையங்களே போதுமாயின. எல்லாச் செய்திகளும் வியன்னா நகரிலுள்ள தரவு நிலையத்தை அடைந்து, கையொப்பமிட்ட நாடுகள் யாவற்றுக்கும், பெரியதாயினும் சிறியதாயினும், ஒரே அளவிற் கிடைக்கின்றன. இலங்கையும் இவ்வமைப்பில் ஒரு துணை நில அதிர்வு நிலையத்துக்கு இடமளித்தது.

கருவிகள் தம் கடமையைச் செய்தன. 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்துச் சோதனைகள் நடத்தியபோது, அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த இவ்வமைப்பு அதிர்வுகளைப் பதிந்தது. 2006ஆம் ஆண்டு ஒக்தோபர் 9ஆந் திகதி வட கொரியா ஒரு கிலோதொன்னிலும் குறைந்த வலிமையுள்ள குண்டை வெடித்தது. அது நில அதிர்வு நிலையங்களுக்குத் தப்பவில்லை. இரு வாரங்களின் பின், அவ்வெடிப்பிலிருந்து கசிந்த செனோன் வாயு கடல் கடந்து கனடாவின் வடபுறத்தில் அகப்பட்டது. ஒளித்து வெடிக்கலாம் என்ற எண்ணம் இனிச் செல்லாது என்பது நிலைநாட்டப்பட்டது.

இனி, 2004ஆம் ஆண்டின் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சுமாத்திராக் கடலடியில் பிளவு தொடங்கி, வடக்கு நோக்கி ஏறத்தாழ 1200 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிழிந்து சென்றது. அதன் அதிர்வு நிலத்தினூடே நான்கு நிமிடமளவில் கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை நிலையத்தை அடைந்து பதிவாயிற்று. அதன் ஓசை நீரினூடே அரைமணி நேரமளவில் தியேகோ கார்சியாவின் கடலடிக் கருவிகளை எட்டியது. எத்தீவில் எழுந்த படைத்தளத்தைக் கண்டு இலங்கை ஒரு காலத்தில் சமாதான வலயம் வேண்டுமெனக் குரலெழுப்பிற்றோ, அத்தீவின் அருகேதான் அணுகுண்டைத் தடுக்க வைத்த கருவி அன்று கடலின் ஓலத்தைக் கேட்டது. அந்நேரம் பேரலை இன்னும் நடுக்கடலிலேயே இருந்தது. கல்முனைக் கரையில் அலை ஏறுவதற்கு ஒரு மணி நேரமளவு எஞ்சியிருந்தது.

ஆயினும் அச்செய்தி செல்லும் பாதை வேறு. கருவியிலிருந்து வியன்னாவுக்கு, வியன்னாவிலிருந்து அரசுகள் நியமித்த அலுவலகங்களுக்கு. நோக்கம் வெடிப்பா அன்றா என்று காண்பது. கடற்கோள் எச்சரிக்கை நிலையங்களுக்குச் செய்தி வழங்கும் அதிகாரம் அவ்வமைப்புக்கு அன்று அளிக்கப்பட்டிருக்கவில்லை. அளிக்கப்பட்டிருந்தாலும் அதனைப் பெற்றுக்கொள்ள இந்து சமுத்திரத்தில் ஓர் எச்சரிக்கை நிலையமேனும் இருந்ததில்லை. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களில் அறிவித்தல் விடுத்தது. அது நடுக்கத்தின் அளவை முதலில் 8 எனக் குறைவாகவே மதித்தது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் கூறியது. அவ்வறிவித்தல் அதன் கடமையெல்லைக்குள் சரியானதே. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடற்கரைத் தெருக்களில் வாழ்ந்த மக்கள் அந்த எல்லைக்கு வெளியே இருந்தனர்.

கரையில் ஒலிக்க ஓர் அபாயச் சங்கும் இல்லை; எங்கு ஓடுவது என்று காட்டும் பலகையும் இல்லை. கடல் பின்வாங்கினால் என்ன பொருள் என்று பாடசாலையில் எவரும் படிப்பித்ததுமில்லை. ஆகவே வியன்னாவையோ ஹவாயையோ மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. ஒரு செய்தி கருவியிலிருந்து மனிதனை அடைய வேண்டுமாயின் இடையிலே பல கைகள் அதனை வாங்கிக் கொடுக்க வேண்டும். அன்று அக்கைகளுள் ஒன்றும் நீட்டப்பட்டிருக்கவில்லை. வெளிக்கு ஓட ஒரு மணி நேரம் தேவையில்லை. இக்கரையின் பெரும்பகுதியில் நெடுஞ்சாலையைத் தாண்டி மேற்கே வயற்புறம் செல்லக் கால்மணி நேரம் நடந்தாற் போதும்.

பிழை உணரப்பட்டது. 2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சோதனைத் தடை அமைப்பின் உறுப்பு நாடுகள் விசேடமாகக் கூடி, கண்காணிப்புத் தரவுகளைக் கடற்கோள் எச்சரிக்கை நிலையங்களுக்குப் பரீட்சார்த்தமாக வழங்க இணங்கின. 2006ஆம் ஆண்டு நவம்பரில் அது நிரந்தர ஏற்பாடாயிற்று. யுனெஸ்கோவின் கீழ் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறை ஏற்பட்டு, இந்தியா, இந்தோனீசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அப்பொறுப்பை ஏற்றன. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவத்துக்கான நிறுவனங்கள் தோன்றின. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவின் அப்பால் 8.6 அளவில் நிலம் மீண்டும் அதிர்ந்தபோது, அலை வருமுன்னரே அறிவித்தல் வந்தது. கரையோர மக்கள் உள்நோக்கி அகன்றனர். பெரும் அலை எழவில்லை. மக்கள் மாலையில் வீடு திரும்பினர். வீணாக ஓடினோம் என்று சிலர் நகைத்தனரெனினும், அவ்வாறு நகைக்க அவர்கள் உயிரோடு வீடு திரும்பியிருந்தனர்.

சோதனைத் தடை உடன்படிக்கையின் நிலையோ கவலைக்குரியது. அது சட்டமாவதற்கு, பெயர் குறித்த 44 நாடுகளும் அதனை உறுதிப்படுத்தல் வேண்டும். இந்தியாவும் பாகிஸ்தானும் வட கொரியாவும் கையொப்பமிடவேயில்லை. ஐக்கிய அமெரிக்கா, சீனா, எகிப்து, ஈரான், இஸ்ரவேல் ஆகியவை கையொப்பமிட்டும் உறுதிப்படுத்தவில்லை. 2023ஆம் ஆண்டு நவம்பரில் ரஷ்யா தான் முன்னர் அளித்த உறுதிப்பாட்டை மீளப் பெற்றது. அதே ஆண்டு யூலையில் இலங்கை அதனை உறுதிப்படுத்தியிருந்தது. கையொப்பமிட்டு இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது என்பதையும் மறைத்தலாகாது. தனபால அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர், மே மாதத்திற் காலமாகிவிட்டார்.

சட்டமாகாத உடன்படிக்கையின் கருவிகள் இரவும் பகலும் கேட்டுக்கொண்டேயிருக்கின்றன. 1998ஆம் ஆண்டின் பின் வட கொரியா ஒன்றைத் தவிர வேறு எந்நாடும் அணுகுண்டை வெடித்துச் சோதித்ததாக அவை அறிவிக்கவில்லை. ஒருவரையொருவர் நம்பாத அரசுகளும், ஒரே கருவியின் சொல்லை நம்ப இசைந்தமையே இதற்கு ஒரு காரணமாகும். அந்த இசைவு கலைந்துவிடின் மீண்டும் 1961ஆம் ஆண்டின் போட்டியே தோன்றும்.

குண்டு செய்யாத, செய்ய விரும்பாத சிறிய நாடு இவ்விடயத்தில் என்ன செய்தல் கூடும் என்று கேட்போர் உண்டு. 1954இல் கொழும்பிலும் 1995இல் நியூயோர்க்கிலும் அதற்கு விடை கிடைத்தது. மூன்றாவது விடை அம்பாறைக் கரையில் இருக்கின்றது. உலகம் கேட்டதைத் தன் கடைசிக் கிராமம் வரை கொண்டுசெல்லும் பொறுப்பு அந்தந்த நாட்டினுடையது. ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆந் திகதி பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் இறந்தோருக்காகப் பிரார்த்தனை நடைபெறுகின்றது. அன்று, எச்சரிக்கைக் கோபுரம் ஒலிக்கின்றதா, பிள்ளைகளுக்கு ஓடும் வழி தெரியுமா என்று ஒருமுறை பார்த்து வைப்பதும் அப்பிரார்த்தனையோடு சேர்ந்த கடமையாகும்.